ஒட்டகச்சிவிங்கிக் கோடு

ஒரு விடுகதை. யோசித்துச் சொல்லுங்கள். வருடம் முழுக்க "நல்லாச் சாப்பிடு, உயரமா வளரு" என்று கிண்ணமும் கையுமாகப் பிள்ளையின் பின்னால் அலைகிறவர்கள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் "குனி, குறுகு" என்று அதன் தலையை அமுக்குகிறார்கள். அது எந்த இடம்?

வூஹான் நகரத்தில் யாங்சி ஆற்றங்கரைக் கோபுரத்தின் வாசலில் வேலை பார்க்கும் குய் லானைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். அவள் நிற்கிற இடம்தான் அது.

அங்கே சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். அதன் கழுத்தில், நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு சிவப்புக் கோடு. தலை கோட்டுக்குக் கீழே இருந்தால் பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. மேலே போனால் அரை டிக்கெட்.

கோட்டை ஏமாற்றும் வித்தை அத்தனையும் குய் லானுக்கு அத்துப்படி. கழுத்தை உள்ளே இழுப்பது, முடியை அழுத்தி வாருவது, திடீரென்று வயிற்றுவலி வந்து மடங்குவது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த சிறுமி கணுக்கால் வரை கவுன் போட்டிருந்தாள். வரிசையில் வரும்போது இருந்த உயரம், ஒட்டகச்சிவிங்கியிடம் வந்ததும் நாலு விரற்கடை குறைந்துவிட்டது.

"முட்டியை நேராக்கு பாப்பா," என்றாள் குய் லான்.

"நேராத்தான் இருக்கு அத்தை."

"அப்ப கவுனுக்குள்ள மடங்கி உக்காந்திருக்கிறது யாரு?"

வரிசையில் சிரிப்பு. பின்னால் காகிதக் கிண்ணத்தில் நூடுல்ஸ் தின்றுகொண்டு நின்ற ஆள், சிறுமியின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க தங்கச்சி. அரை டிக்கெட்டுக்கு இவ்வளவு கூத்தா?"

வேலைக்குப் போகும் நீலச் சட்டையிலேயே வந்திருந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் எதுவும் சொல்லிக்குடுக்கலே அண்ணே," என்று கையை விரித்துக் காட்டினாள். உள்ளே வியர்வையில் நனைந்த ஒரு டிக்கெட்.

குய் லான் வாங்கிப் பார்த்தாள். அரை டிக்கெட். இன்றைய தேதி. எந்தக் குறையும் இல்லை.

அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. டிக்கெட் எடுக்காமல் தப்பிக்க மடங்கும் பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறாள். டிக்கெட் எடுத்த பிறகும் மடங்குகிற பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"உங்க டிக்கெட் எங்க?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"எனக்கு வேண்டாங்க. இவ மட்டும் போய்ப் பாத்துட்டு வரட்டும். நான் இங்க நிழல்ல உக்காந்திருக்கேன். எனக்கு உசரம்னாலே தலை சுத்தும்."

"சுத்தாது," என்றாள் சிறுமி. "எட்டாவது மாடியில வெளிப்பக்கம் தொங்கிக்கிட்டு அம்மா கண்ணாடி துடைக்கிறாங்க."

"தாவ்தாவ், பேசாம இரு."

நூடுல்ஸ்காரர் கிண்ணத்தை ஆட்டினார். "வரிசை நகருமா நகராதா? இங்க எல்லாம் ஆறிப்போச்சு."

"ஆறினா என்ன அண்ணே, இந்த வெயில்ல திரும்பவும் சூடாயிடும்," என்றாள் குய் லான். அவளுக்குக் காரணம் தெரியாமல் யாரையும் உள்ளே விட மனமில்லை. சிறுமியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இத பாரு தாவ்தாவ். டிக்கெட்தான் எடுத்தாச்சே. இனிமே நீ குட்டையாகி என்ன லாபம்?"

தாவ்தாவ் மடங்கிய முட்டியோடு கையை மட்டும் தூக்கி, ஒட்டகச்சிவிங்கியின் காதுக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினாள்.

"அதைப் படிங்க அத்தை."

தினமும் அதன் கீழேதான் குய் லான் நிற்கிறாள். ஆனாலும் அதைப் படித்துப் பல காலம் ஆகியிருந்தது. எழுந்து வாய்விட்டுப் படித்தாள்.

"கோட்டுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் தனியாக மேலே செல்லக் கூடாது. பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும்."

"போன வருஷம் நான் கோட்டுக்குக் கீழ இருந்தேன்," என்றாள் தாவ்தாவ். "மீன் காட்சி, ராட்டினம், எல்லாத்துக்கும் அம்மா கூட வந்தாங்க. நான் வளந்துட்டேனா, இப்ப எங்க போனாலும் எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துட்டு அம்மா வாசலை மட்டுந்தான் பாக்கறாங்க."



நூடுல்ஸ்காரர் வாயைத் துடைத்துக்கொண்டார். "தங்கச்சி, கவுண்டர் அந்தப் பக்கம் இருக்கு. அரையைக் குடுத்துட்டு, மேல கொஞ்சம் போட்டு, உங்க பேருக்கு முழு டிக்கெட்டா மாத்திட்டு வாங்க. உங்க இடத்தை நான் பாத்துக்கறேன்."

"அது தப்புங்க," என்றாள் அம்மா, தலை நிமிராமல். "அவ கோட்டைத் தாண்டிட்டா. எல்லாருக்குந்தான் தெரியுதே."

"தாண்டிட்டாளா இல்லையான்னு சொல்லத்தான் எனக்குச் சம்பளம்," என்றாள் குய் லான். பிறகு சிறுமியைப் பார்த்தாள். "பாப்பா, நிமிந்து நின்னா நீ தனியா மேல போகலாம். இல்லேன்னா அம்மாவோடதான் போக முடியும். கடைசியா ஒரு தடவை அளக்கிறேன். எப்படி நிக்கணுமோ அப்படி நில்லு."

தாவ்தாவ் முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கினாள்.