நெடியோன் போன பிறகு

விண்வெளித் தொடரிலிருந்து, கணினியில் உருவாக்கிய கதாபாத்திரமான கமாண்டர் நெடியோன் நேற்றோடு விலகிவிட்டார். பதினோரு வருடங்களாக ஒவ்வொரு நேயரின் வீட்டுத் திரையிலும் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசியவர். தொடரின் நேயர் தொடர்புப் பிரிவில் எனக்கு இன்று அறுபத்து மூன்றாவது அழைப்பு. நாங்குநேரியிலிருந்து செண்பகவல்லி.

“செத்துட்டாரா, பயணம் போயிருக்காரா? அதை மட்டும் சொல்லும்மா. செத்திருந்தா தலைக்குக் குளிக்கணும். பயணம்னா வீட்டைக் கூட்டக்கூடாது. காலையிலேருந்து எதுவும் செய்யாம உக்காந்திருக்கேன்.”

முடிவைச் சொல்லக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. எனக்கும் அலுத்துவிட்டது.

“வீட்டைக் கூட்டாதீங்கம்மா.”

“சரிம்மா,” என்று வைத்துவிட்டார்.

இன்று காலை நெடியோனைக் கணினியிலிருந்து முழுவதுமாக அழித்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். வீடு திரும்பியதும் குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.