போடாத கையெழுத்து

ரெங்கசாமி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு மடித்துக் குந்தவையிடமே நீட்டினார்.

"இது என்னால முடியாதும்மா."

குந்தவைக்குப் புரியவில்லை. "ஐயா, இது ஜாமீன் இல்லீங்க. குறுவைக்கு என்கிட்ட நாத்து வாங்குவீங்கன்னு ஒரு கடிதம், அவ்வளவுதான். நாலு வருஷமா வாங்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"இந்த வருஷமும் வாங்குறேன். கையெழுத்து மட்டும் கேக்காத."

அதோடு பேச்சு முடிந்தது என்பதுபோல் பம்ப்செட் பக்கம் நடந்துவிட்டார். இருபது ஏக்கர்காரர். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு யோசனை.

நன்னிலம் பக்கத்தில் குந்தவைக்கு நாற்றுத் தொழில். மெஷின் நடவுக்காகத் தட்டுகளில் நாற்று வளர்த்து விற்கிறாள். இந்த வருஷம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். புதிதாக இரண்டாயிரம் தட்டு, விதைநெல், நிழல்வலை எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் வேண்டும்.

கடன் கொடுக்க ஆள் இருந்தது. ஏறிய மூன்று இடத்திலும் அடுத்த மாதமே தவணை ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். அவளுக்கோ குறுவைக்கு ஒரு வரும்படி, சம்பாவுக்கு ஒரு வரும்படி. நாற்று விற்காத மாதத்தில் எதைக் கட்டுவது?

நாலாவது பேங்கில் மேனேஜர் அனிட்டாதான் பொறுமையாகக் கேட்டார்.

"மாசத் தவணை வேணாம். குறுவை முடிஞ்சு பாதி, சம்பா முடிஞ்சு பாதி கட்டுங்க. ஆனா நாத்து வாங்கிக்கிறோம்னு ரெண்டு விவசாயிங்க கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. தாண்டினா ஃபைல் அடுத்த மாசத்துக்குப் போயிடும்."

அடுத்த மாதம் என்றால் ஆற்றில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிடும். தண்ணீர் வந்த பிறகு விதை போட்டால் அந்த நாற்றை யார் வாங்குவார்கள்?

வழக்கமாக வாங்கும் விவசாயி துரைக்கண்ணு, அவள் கேட்டதுமே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது ரெங்கசாமி என்று நம்பியிருந்தாள். இன்று வியாழக்கிழமை.

இன்னும் இரண்டு வீடு ஏறி இறங்கினாள். ஒருவர் கல்யாணத்துக்கு நாகூர் போயிருந்தார். இன்னொருவர், சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அன்று ராத்திரி அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. நாற்றுக்கு அச்சாரம் கொடுத்தவர்களிடம் என்ன சொல்வது என்பதே ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பக்கத்து ஊர் மதிவாணன். இதுவரை அவளிடம் ஒரு தட்டுகூட வாங்காதவர்.

"எனக்கு பத்து ஏக்கருக்கு நாத்து வேணும்மா. கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டே கொண்டாந்துட்டேன். சரியா இருக்கான்னு பாருங்க."

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"கேள்விப்பட்டேன். முதல்ல பேங்குக்குக் கிளம்புங்க."

செவ்வாய்க்கிழமை பணம் வந்துவிட்டது. புதன்கிழமை விதை ஊறப்போட்டாள். அன்று சாயங்காலமே பூவும் பழமும் வாங்கிக்கொண்டு மதிவாணன் வீட்டுக்குப் போனாள்.

"முன்னப்பின்ன பழக்கம் இல்லாத நீங்க தேடி வந்து செஞ்சீங்கண்ணே. நாலு வருஷமா பழகுன ரெங்கசாமி ஐயாவுக்கு ஒரு கையெழுத்துப் போட மனசு வரல. இருபது ஏக்கர் இருந்து என்னத்துக்கு?"

மதிவாணன் சிரிக்கவில்லை. பழப்பையை வாங்கித் திண்ணையில் வைத்தார்.

"அவரு சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு. ஆனா நீங்க இப்படிப் பேசுறதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியலம்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடி சம்பா தண்ணில போச்சுல்ல, அதுலேருந்து அதே பேங்க்ல அவரு பேரு வாராக்கடன்ல கிடக்கு. வெளியில யாருக்கும் தெரியாது. அவரு கையெழுத்தைப் பாத்தா உங்க ஃபைலையும் ஒதுக்கி வச்சிருப்பாங்க."

குந்தவை நிமிர்ந்து பார்த்தாள்.

"வியாழக்கிழமை ராத்திரி என் வீட்டுக்கு நடந்தே வந்தாரு. 'என்னைக் கல்நெஞ்சக்காரன்னு நினைச்சாலும் பரவால்ல மதி, என் கையெழுத்து அந்தப் பொண்ணு ஃபைலுக்குள்ள போயிடக் கூடாது, நீ போட்டுக் குடு'ன்னு என் கையைப் புடிச்சுக் கேட்டாரும்மா."