பக்கத்து வீட்டுத் தட்டு

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனில் குறைந்த நாற்பது கிலோவில் முப்பது, மூன்றே வருடத்தில் சவேத்தாவிடம் திரும்பி வந்துவிட்டது.

“அப்படி என்னதான் திங்கறே?” டாக்டர் எரிந்து விழுந்தார்.

“வீட்டுல வெறும் சூப்புதான் டாக்டர். பக்கத்து வீட்டு சோஃப்ரோனியாம்மா தினமும் தட்டு நிறையக் கறியும் கேக்கும் கொண்டாந்து, முன்னாலயே நின்னு தின்ன வைக்கறாங்க.”

“வேணாம்னு சொல்ல வாயில்லையா?”

“செத்தவங்க பேர்ல குடுக்கற சாப்பாடு. நான் தின்னாத்தான் அவங்க பொண்ணு வியோரிகாவுக்குப் போய்ச் சேருமாம். எங்க வழக்கப்படி நாப்பது நாள்ல நிறுத்தணும். அவங்க நிறுத்தலை.”

“ஊர்ல வேற ஆளா இல்லே? உனக்கே ஏன்?”

சவேத்தா தலைகுனிந்தாள்.

“துணைக்கு நீயும் பண்ணிக்கடின்னு அவளை இதே ஆபரேஷனுக்கு இழுத்துட்டு வந்தது நான்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திட்டாங்க. பசிக்குதுடின்னு சொல்லிட்டே உள்ள போனவ, கண்ணு முழிக்கவே இல்லை.”