வழியில் இருந்த கிணறு

கொக்குக் கூட்டம் குட்டையில் இறங்கியதும், தவளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கு ஓடிவந்தது. மதகில் காவலுக்கு இருந்த ஆமை மறித்தது.

"வர்ற வழியில ஒரு கிணறு இருந்துச்சே?"

"இருந்துச்சுங்க."

"தண்ணி?"

"நிறைய."

"அப்போ அங்கயே தங்கியிருக்கணும். வழியில முதல்ல எந்தத் தண்ணி வருதோ அதுதான் உனக்கு இடம். இங்க அதுதான் வழக்கம். திரும்பிப் போ."

"அங்க சாரைப்பாம்பு இருக்குதுங்க."

"எனக்குத் தெரியாதா? போன கோடை முழுக்க நான் அங்கதான் கிடந்தேன். பக்கத்துலயே சுத்தும், ஒண்ணும் செய்யாது. பரம சாது!"

தவளை ஆமையின் முதுகையே பார்த்தது.

"சரி, போறேங்க. உங்க ஓட்டை மட்டும் கழட்டிக் குடுங்க."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. இனி நின்று பயனில்லை என்று தவளை திரும்பியபோது, பின்னால் கல்லில் ஓடு உரசும் சத்தம் கேட்டது. ஆமை நகர்ந்து வழிவிட்டிருந்தது.

"அல்லிக்கொடிப் பக்கம் போ. அங்க ஒரு ஆபத்தும்..." என்று ஆரம்பித்த ஆமை சட்டென்று நிறுத்திக்கொண்டது.

"இரு, நானும் வரேன். அந்த இடம் உனக்கு எப்படி இருக்குன்னு நீ பார்த்துச் சொல்லு."