பெரிய சிஸ்டரின் பேட்டி

கண்ணாடி முன்னால் நின்று மறுபடியும் பவுடர் பூசிக்கொண்டாள் பெரிய சிஸ்டர். பார்த்துக்கொண்டிருந்த சின்ன சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, வாசல்ல அத்தனை கேமரா நிக்குது. விரட்டாம பவுடர் போடறீங்களே!"

"டிவியில வரப்போறேன்டி. எண்ணெய் வடியற மூஞ்சியோடயா வர்றது?"

ரயில் நிலையத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன பெண் குழந்தை, சில மாதமாக இந்த ஆஸ்பத்திரி வார்டில்தான் வளர்ந்தாள். விசாரணையெல்லாம் முடிந்து, அவளைத் தத்தெடுத்த தம்பதி இன்றைக்கு அழைத்துப்போக வருகிறார்கள். விஷயம் எப்படியோ வெளியே கசிந்துவிட்டது.

"அவ முகத்தை ஊரே பாத்துட்டா, நாளைக்கு ஸ்கூல்ல 'விட்டுட்டுப் போன புள்ள'ன்னு கை நீட்டிச் சொல்ல மாட்டாங்களா? பெத்தவங்களா வர்றவங்க நிம்மதியா தெருவுல நடக்க முடியுமா?"

"வளவளன்னு பேசாம எங்கூட வா."

பெரிய சிஸ்டர் மட்டும் வார்டுக்குள் போனாள். பூப்போட்ட துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி வெளியே வந்து வாசலுக்கு நடந்தாள். வேறு வழியில்லாமல் சின்ன சிஸ்டரும் பின்னால் ஓடினாள்.

"சிஸ்டர், துண்டை விலக்குங்க! முகம் தெரியட்டும்!"

"சத்தம் போடாதீங்கப்பா. முதல்ல என்னை எடுங்க. இந்தப் பக்கம்தான் நான் எடுப்பா இருப்பேன்."

ஆரம்பித்துவிட்டாள். தான் நர்ஸான கதை. மூட்டுவலிக் கதை. வீட்டுக்காரரின் குறட்டைக் கதை.

"முதல் ஊசி போட்டப்ப மயங்கி விழுந்தது நோயாளி இல்லீங்க, நான்தான்!"

துண்டு எப்போது விலகும் என்று அத்தனை கேமராவும் காத்துக் கிடந்தது. அவளோ நடுநடுவே தாலாட்டு வேறு முணுமுணுத்தாள்.

'இப்படியும் ஒரு விளம்பரப் பைத்தியமா!' சின்ன சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தபடி நின்றாள்.

உள்ளேயிருந்து ஆயாம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அவ்வளவுதாங்க, எனக்கு டியூட்டி இருக்கு!" விருட்டென்று உள்ளே திரும்பினாள் பெரிய சிஸ்டர்.

கதவு சாத்தியதுதான் தாமதம், சின்ன சிஸ்டர் பாய்ந்தாள். "குழந்தையை இப்படிக் கொடுங்க! இனிமே அவளைத் தொட்டீங்க, மரியாதை கெட்டுடும்!"

பிடுங்கினாள். கனமே இல்லை. துண்டைப் பிரித்தாள். உள்ளே ஒரு தலையணை.

"அவ பின்வாசல் வழியா அம்மா அப்பாவோட கார்ல போயாச்சு" என்றாள் ஆயாம்மா. "பொக்கை வாயைத் திறந்து என்னா சிரிப்புங்கறே!"

சின்ன சிஸ்டருக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பெரிய சிஸ்டரைக் கட்டிக்கொண்டாள்.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? உங்களை எப்படியெல்லாம் நினைச்சுட்டேன்!"

"சொல்லியிருந்தா பக்குனு சிரிச்சிருப்பே. நீ என்னை முறைச்ச முறைப்பைப் பாத்துத்தான்டி, கையில இருக்கிறது குழந்தைன்னு அத்தனை பேரும் நம்பினாங்க!"