டீ அபராதம்

“வருத்தம் தெரிவிக்கிறதாம், வருத்தம்! எழவு வூட்டுக்கா வந்திருக்கோம்? ‘வன்மையாகக் கண்டிக்கிறது’ன்னு போடுங்க சார்!”

சிங்காரவேலு மேஜையில் குத்திய குத்தில், தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த பாலசுந்தரம் வாத்தியாரின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

ஜெயங்கொண்டத்தில் ஒரு டுடோரியல் மாடி. ஞாயிறுதோறும் அங்கே கூடும் உலகச் சிந்தனை வட்டத்தில் மொத்தம் பதினோரு பேர். எங்கோ ஒரு பெரிய நாடு, பக்கத்துச் சின்ன நாட்டின் சாலையை மறித்து வைத்திருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிற படம் காலைப் பேப்பரில் வந்திருந்தது.

அதைப் பார்த்ததிலிருந்து சிங்காரவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டு, முந்திரி மூட்டை தூக்கி, பேரம் பேசியே நாலு காணி முந்திரிக் கொல்லை சேர்த்த மனுஷர். அநியாயம் என்றால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

அப்போதுதான் தையல் கடை மலர்கொடி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

“ஏம்மா, மணி என்ன ஆவுது? உலகமே பத்தி எரியுது, நீ ஆடி அசைஞ்சு வர்றே!”

“மருமவளுக்கு ஒன்பதாம் மாசம்ண்ணே. ஆஸ்பத்திரியில காட்டி, வூட்டுல விட்டுட்டு வரேன். எங்க தெருவுக்குப் போற வழியை வியாழக்கெழமை அடைச்சுட்டாங்க. ஏரிக்கரையைச் சுத்திப் போனா ஆட்டோ சேத்துல மாட்டிக்குது. ராத்திரியில வலி கண்டா எப்படித் தூக்கிக்கிட்டு...”

“நிறுத்து, நிறுத்து!” சிங்காரவேலு அவசரமாகக் கையைத் தூக்கினார். “செவுத்தப் பாரு.”

சுவரில் வட்டத்தின் ஒரே விதி ஒட்டியிருந்தது. ‘உள்ளூர் விஷயம் பேசக் கூடாது. மீறினால் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.’ முதல் மாசம் ஊர் வழக்குப் பேசி இரண்டு நாற்காலி உடைந்த பிறகு போட்ட விதி.

“இன்னும் ஒரு வார்த்தை பேசுனே, பதினோரு டீ. வசதி எப்படி?”

எல்லாரும் சிரித்தார்கள். மலர்கொடி கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வாத்தியார் அடுத்த வரியை வாசித்தார். “அடைத்த பாதையைத் திறந்துவிடுமாறு இவ்வட்டம் கேட்டுக்கொள்கிறது.”

“கேட்டுக்கிறதா? எதுக்குக் கெஞ்சணும்? ‘அடைத்தவரே தன் கையால் திறக்க வேண்டும்’னு எழுதுங்க!”

“அது எங்க எல்லைன்னு அவங்க சொல்றாங்களேண்ணே,” என்றான் மெடிக்கல் ஷாப் அறிவழகன்.

“எல்லையாவது, பட்டாவாவது! ஜனங்க காலங்காலமா நடந்த பாதைக்கு ஏதுய்யா பட்டா?”

கைதட்டலில் மாடியே அதிர்ந்தது.

“ஒரு வாரம் கெடு குடுப்போமா?” என்றார் வாத்தியார்.

“வலி எடுத்தவ ஒரு வாரம் பொறுத்துக்குவாளா சார்? இருபத்து நாலு மணி நேரம்!”

“மூணு நாளுன்னாவது...”

“ஒரு நிமிஷம் கூடத் தர மாட்டேன்!”

“முந்திரிக்கு வெலை பேசுற மாதிரியே பேசறீங்களேண்ணே,” என்று அறிவழகன் சிரித்தான்.

“முந்திரியில அஞ்சு பத்து விட்டுக் குடுப்பேன்டா. நியாயத்துல சல்லிக்காசு குறைக்க மாட்டேன்.”

அப்படியே முடிவானது. தாள் கிழிகிற அழுத்தத்தோடு சிங்காரவேலு முதல் கையெழுத்தைப் போட்டார். தாள் கை மாறி மாறிப் போனது. கடைசியாக மலர்கொடியின் முறை வந்தபோது அவளைக் காணோம்.

“பாத்தீங்களா? இதுங்களுக்கெல்லாம் உலகத்தைப் பத்தி என்ன கவலை?” என்று சிங்காரவேலு சீறினார்.

படியேறி வந்தவள் தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பின்னாலேயே டீக்கடை முருகையன் தட்டோடு வந்தார். பதினோரு கிளாஸ்.

“டீ யாருய்யா சொன்னது?”

“நான்தாண்ணே. எடுத்துக்குங்க.”

சிங்காரவேலு ஒரு வாய் குடித்தார். “நீ எதுக்கும்மா அபராதம் கட்டறே? உன்னைத்தான் பாதியிலேயே நிறுத்திட்டேனே! ஊர் விஷயம் எங்க பேசினே?”

“இனிமேதாண்ணே பேசப் போறேன். இந்தத் தீர்மானத்துல எனக்கு ஒரு நகல் குடுங்க. வியாழக்கெழமை உங்க கொல்லையில போட்டீங்களே முள்வேலி, அதுல கட்டணும்.”