பித்தளைப் பலகை

மேனேஜரே டீ டிரேயை ஏந்திக்கொண்டு வருவார் என்று தேர்வுக் குழுத் தலைவி எதிர்பார்க்கவில்லை. கோட்டும் டையுமாக இருந்த மனிதர் இடுப்பை வளைத்து ஒவ்வொரு கோப்பையாக மேஜையில் வைத்தார். பாதி டீ சாசரில்தான் இருந்தது. அதையும் தலைவி பணிவின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

"நீங்களே கொண்டு வரணுமா? ஆள் இல்லையா?"

"இங்க ஆள், முதலாளின்னு பேதமே கிடையாது மேடம். எல்லாக் கையும் ஒரே கைதான்."

தலைவியோடு வந்திருந்த குழுச் செயலாளர், "அடடா" என்று தலையாட்டிவிட்டு மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தார்.

நகரின் நடுவே நிற்கும் அந்த ஓட்டலுக்கு நூற்றுச் சொச்சம் வயது. மேனேஜர் அங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. வந்தது வேலைக்கு மனுப் போட்டு அல்ல, முதலாளியின் மூத்த மகளைக் கட்டிக்கொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக.

பழைய கட்டடங்களைப் பாராட்டும் குழு இந்த வருடம் புதிதாக ஒரு பித்தளைப் பலகை கொடுக்கிறது. 'மனித மாண்பைக் காக்கும் கட்டடம்' என்று அதில் பொறித்திருக்கும். காலையில் மாமனார் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பலகை வந்தா ஓட்டல் உங்க பொறுப்பு, மாப்பிள்ளை. வரலேன்னா சின்னவர் பாத்துக்கட்டும். நீங்க நம்ம லாண்டரிக்குப் போயிடுங்க."

சின்னவர் என்றால் இளைய மாப்பிள்ளை. அந்தப் பேச்சை எடுத்தாலே மேனேஜருக்கு வயிறு பற்றி எரியும். ஆகவே ஒரு வாரமாக ஓட்டலின் சரித்திரத்தை மனப்பாடம் செய்து, மனைவியிடம் ஒப்பித்தும் காட்டியிருந்தார்.

"இந்த மாடிப்படியப் பாருங்க மேடம். நாலு பேர் கைகோத்துக்கிட்டு ஏறலாம். மார்பிள் எல்லாம் கப்பல்ல வந்தது. மேல கலர் கண்ணாடி இருக்கு பாருங்க, வெயில் ஏற ஏற படியில நிறம் மாறிக்கிட்டே வரும். அந்தக் காலத்துல துரைமாரும் துரைசானிமாரும் மட்டும்தான் இதுல ஏறலாம்."

"அப்ப வேலைக்காரங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இருவரையும் மாடிப்படிக்கு அடியில் அழைத்துப் போனார். அங்கே சுவரோடு சுவராக, அதே வெள்ளைச் சாயம் அடித்த ஒடுங்கிய கதவு ஒன்று இருந்தது. சொல்லாவிட்டால் அது கதவு என்றே தெரியாது.

"இதுக்குப் பின்னால ஒரு சுழல் படி இருக்கு மேடம். சமையல் கட்டுலேர்ந்து மூணாவது மாடி வரைக்கும். ஜன்னல் இல்ல, காத்து இல்ல. ஒரு ஆள் ஏறினா எதிர்ல வர்றவன் சுவத்தோட ஒட்டிக்கணும். வேலைக்காரன் மூஞ்சி விருந்தாளி கண்ணுல படக் கூடாதாம். அதுக்குன்னே ஒரு படிக்கட்டு. கட்டினவனெல்லாம் மனுஷனா, சொல்லுங்க?"

கடைசி வரியில் குரல் உடைய வேண்டும் என்பது மனைவியின் யோசனை. வீட்டில் ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. இன்று கச்சிதமாக உடைந்தது. செயலாளர் மூக்கை உறிஞ்சினார்.

"இப்ப இதை யார் உபயோகிக்கிறாங்க?"

"யாரும் இல்ல. நான் வந்த அன்னிக்கே பூட்டிட்டேன். சாவியக் கொண்டுபோய் ஆத்துல வீசினேன். எட்டு வருஷமா இதுக்குள்ள ஈ, எறும்பு போனதில்ல. எங்க ஆளுங்க எல்லாரும் இந்த மார்பிள் படியிலதான் நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போறாங்க, வர்றாங்க."

"ரொம்ப சந்தோஷம். அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா?"

மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னிக்குப் பாத்து எல்லாருக்கும் லீவு குடுத்துட்டேனே மேடம். பாவம், பெண்டாட்டி பிள்ளைங்களோட இருக்கட்டுமேன்னு."

அறையெல்லாம் ஆள் தங்கியிருக்கும் ஓட்டலில் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் லீவு கொடுக்க எவருக்கு மனசு வரும் என்று செயலாளர் உருகிப்போனார். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேற எந்தக் கட்டடத்தையும் நாங்க பாக்க வேண்டியதில்ல. பலகை உங்களுக்குத்தான்."

மேனேஜரின் மனக்கண்ணில் சின்னவர் லாண்டரியில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் ரசித்திருப்பார். அதற்குள் தலைவி தொடர்ந்தார்.

"ஆனா வாசல்ல வேண்டாம். இந்தக் கதவு மேலயே அடிச்சிடலாம். அதுதான் பொருத்தம். மரம் ஆணியத் தாங்குமான்னுதான் பாக்கணும்."

தலைவி கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய மரத்தைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் அவரால் நகர முடியாது.

"வேண்டாம் மேடம், அது உளுத்துப்போன கதவு. கையில சிலாம்பு ஏறிடும்" என்று மேனேஜர் குறுக்கே பாய்ந்தார்.

அதற்குள் தலைவி விரலை மடக்கி, டொக் டொக் என்று பலமாகத் தட்டிவிட்டார். "நல்ல தேக்குதானே?" என்று திரும்பினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"போயிட்டாங்களா சார்? இங்க எல்லாருக்கும் மூச்சு முட்டுது."